ஊழியமும் ஊதியமும்

தோற்றுவாய்

சென்ற பருவத்தில் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில், ‘இயந்திரம் ஏழைக்கு நண்பனா, பகைவனா?’ என்னும் பொருள்பற்றிச் சொற்போர் ஒன்று நிகழ்ந்தது. ஒரு சாரார், இயந்திரமே கைத்தொழிலாளர் வயிற்றில் மண்ணிட்டது என்றனர். மற்றொரு சாரார், இயந்திரமும் அதனைக் கொணர்ந்த கம்பெனிகளும் இல்லையாயின் பல்லாயிரம் குடும்பங்கள் பட்டினி கிடந்திருக்கும் என்றனர். யான் பின்னவரோடு நின்று, ‘வேலையும் வீடும் தந்தவர்க்கு நன்றி பாராட்டுவதன்றோ அறம்? கூலி குறைவென்று முணுமுணுத்தல் தகுமோ?’ என்று பேசினேன். அவையோர் கைதட்டினர், யானும் மகிழ்ந்தேன்.

அன்று மாலை வீடு சென்றபோது என் தாயார் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மன்றத்தில் பேசியதைப் பெருமையோடு கூறினேன். அவர் கை ஓயாமலே, ‘அவுக குடுத்தது இருக்கட்டும், நான் சுத்திக் குடுத்தேனே, அதுக்கு என்னலே பேரு?’ என்று வினவினார். தமிழையே சிறப்புப் பாடமாகப் பயிலும் எனக்கு அதற்கு ஒரு சொல் கிடைத்திலது. அச்சொல்லைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

நான்கு சொற்கள்

உழைப்புக்கு ஈடாக ஒருவன் பெறுவதைக் குறிக்கக் கூலி, சம்பளம், ஊதியம் என்னும் சொற்கள் நம்மிடை வழங்குகின்றன. உழைப்பைக் குறிக்கும் ஊழியம் என்னும் சொல்லையும் இவற்றோடு வைத்து ஆராய்தல் பயன்தரும்.

கூலி என்பது பழமையான சொல். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அதனை ஆண்டுள்ளார். ஊழ் துணை செய்யாவிடினும், உடல் வருந்திய அளவுக்குரிய பயனை முயற்சி கொடாமற் போகாது என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. ஆகவே கூலி என்பது வருத்தத்துக்கு நேராக நிற்பது. ஒருவர் மனம் இரங்கி இடுவதன்று. இச்சொல் ஐரோப்பியர் வாயிற் புகுந்தபின் அதன் பொருள் திரிந்தது. ஆங்கிலத்திற் சென்று வழங்கியது நம் தமிழ்ச் சொல்லே என்பது அறிஞர் பலர் கொள்கை. வேலையின் விலையைக் குறித்த பெயர் வேலை செய்வோனுக்கே பெயராயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும், 1860 முதல் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கும் சென்ற நம்மவர் அப்பெயரால் இழித்துரைக்கப்பட்டனர். மனிதன் மறைந்தான், அவன் விலை மட்டும் நின்றது.

சம்பளம் என்பதைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்த சொல்லென்று நம் ஊர்ப் பெரியோர் விளக்குவர். வழிப்போக்கன் கொண்டுசெல்லும் கட்டுச்சோற்றைக் குறிக்கும் வடசொல்லினின்று வந்தது என்று அகராதியார் கூறுவர். எவ்வாறாயினும், பசியாற்றும் பொருள் என்பது இரு விளக்கங்களுக்கும் பொது.

ஊழியம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கிறிஸ்தவராகிய நமக்குத் திருச்சபைத் தொண்டே நினைவுக்கு வரும். ஆயின் நம் மலைத்தொடருக்கு அப்பால், தென் திருவிதாங்கூரில், அச்சொல் வேறொரு பொருளில் வழங்கிற்று. தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்ட மக்கள் அரசுக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்பது பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவரானோர்க்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேலையினின்று விலக்கு அளிக்கப்பட்டது. அன்பினாற் செய்யும் தொண்டுக்கும் அச்சத்தினாற் செய்யும் அடிமைவேலைக்கும் ஒரே சொல் வழங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது. தொண்டு என்று பெயரிட்டுவிட்டால் கூலி கேட்பது குற்றமாய்த் தோன்றும்.

இறுதியில் நிற்பது ஊதியம். பழைய நூல்களில் இதற்கு ஆதாயம் என்பதே பொருள். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், முதற்பொருள் இல்லாத வணிகனுக்கு ஆதாயம் கிட்டாமையை வள்ளுவர் எடுத்துக்காட்டும் இடத்தில் இச்சொல்லே நிற்கின்றது. அன்று ஊதியம் என்பது முதலிட்டவனுக்கு உரியது. இன்றோ ஊதிய உயர்வு, ஊதியக் குழு என்றெல்லாம் உழைப்போன் பெறுவதையே அது குறிக்கின்றது. முதலாளியின் சொல் தொழிலாளியின் சொல்லாயிற்று. சொல் இடம் பெயர்ந்ததுபோல அச்சொல் குறித்த பொருளும் இடம் பெயர்ந்ததோ? இவ்வினாவை நம் தாமிரபரணிக் கரையிலேயே வைத்துப் பார்ப்போம்.

அருவியும் ஆலையும்

ஸ்காட்லாந்து நாட்டினரான ஆண்ட்ரு ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் உடன்பிறந்தார் 1880களில் நம் மாவட்டத்துக்கு வந்து தொழில் தொடங்கினர். பொதிகையினின்று இறங்கும் தாமிரபரணி பாபநாசத்தில் அருவியாய் வீழ்கின்றது. அந்நீரின் வலியைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் அவர்கள் நூற்பாலை நிறுவினர். தூத்துக்குடியில் கோரல் ஆலையும், 1892இல் மதுரையில் மற்றோர் ஆலையும் எழுந்தன. கரிசற்காட்டில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி இங்கேயே நூலாவதற்கு வழி பிறந்தது.

இவ்வேற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. எரிக்க நிலக்கரி வேண்டா. வீழும் நீரே உருளையைச் சுழற்றும். உருளையைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றிற் கலந்து, அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் பிரிந்து, கீழேயுள்ள வயல்களுக்குப் பாயும். ஆலைக்குத் தன் வலியைத் தந்த பின்னும் நீரின் அளவு குறைவதில்லை. பின்னர், 1944இல், அதே பாபநாசத்தில் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கிற்று.

ஆயின் ஆலையினுள் வலியைத் தந்தது நீர் மட்டுமன்று. பஞ்சைப் பிரித்து, கடைந்து, இழையாக்கும் வேலைகளிலெல்லாம் இயந்திரம் வல்லதாயினும், ஓடும் இழை அறுந்தவிடத்து அதனைக் கண்டு ஒட்டுவதற்கு மனிதக் கண்ணும் விரலும் வேண்டியிருந்தன. கதிர்கள் சுழலுமளவும் அவற்றின்முன் ஆள் நிற்க வேண்டும். பறக்கும் பஞ்சுத்தூளை அவன் மூச்சோடு உட்கொள்ள வேண்டும். நீர் உருளையை விட்டு நீங்கும்போது குறையாமல் நீங்கியது. தொழிலாளியோ மாலையில் ஆலையை விட்டு நீங்கும்போது தன் உடலில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிட்டு நீங்கினான். அக்குறையை நிரப்புவதற்கென்று அமைந்ததே கூலி. அது நிரம்பியதா என்பதை இயந்திரம் அறியாது. இயந்திரத்தை உடையவர் அறிதல் வேண்டும். அவர் அறியாராயின் தொழிலாளி அறிவித்தல் வேண்டும்.

ஒன்பது நாட்கள்

அவ்வாறு அறிவித்த வரலாறு தூத்துக்குடியில் நிகழ்ந்தது. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியவர் என்பதை அனைவரும் அறிவர். தாமே ஒரு கம்பெனியைத் தோற்றுவித்தவராதலின், கம்பெனி என்னும் அமைப்பையே அவர் வெறுத்தவர் அல்லர். எனினும் 1908 பெப்ருவரி 23ஆம் நாள், கோரல் ஆலைத் தொழிலாளரின் குறைந்த கூலியையும் கடுமையான வேலை நிலையையும் எடுத்துப் பேசினார். நான்கு நாட்களில், பெப்ருவரி 27இல், வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சுப்பிரமணிய சிவாவும் உடனிருந்து நடத்தினார்.

அவர்கள் கேட்டவை மூன்று: கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, பிற விடுமுறை வசதிகள். இயந்திரத்தை உடைக்க வேண்டுமென்றோ ஆலையை மூட வேண்டுமென்றோ அவர்கள் கேட்டிலர். ஊரார் தொழிலாளர் பக்கம் நின்றனர். மார்ச்சு 6ஆம் நாள் ஆலையின் தலைமை எழுத்தர் சிதம்பரம் பிள்ளையிடம் வந்து, நிருவாகம் இணங்குவதாகக் கூறினார். பிள்ளையவர்கள் 50 தொழிலாளருடன் சென்று நிருவாகத்தாரைக் கண்டார். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்று. ஒன்பது நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. அதே கதிர்கள், அதே இயந்திரங்கள், அதே முதலாளிகள். ஆயினும் கூலி வேறாயிற்று. கூலியை அறுதியிடுவது இயந்திரம் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் கிறிஸ்தவ மாணவன் ஒருவன் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆலையை உடையவர் ஓய்வுநாளை ஆசரிக்கும் நாட்டிலிருந்து வந்தவர். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருத்தல் வேண்டும் என்னும் கட்டளை வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் வீட்டு மாட்டுக்கும்கூட உரியது என்பது நம் வேதம் அறிந்தோர் அறிந்ததே. எனினும் கோரல் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையைத் தொழிலாளர்க்குப் பெற்றுத் தந்தது நம் பிரசங்கம் அன்று. சைவராகிய ஒரு வழக்கறிஞர் தலைமையில் நிகழ்ந்த வேலைநிறுத்தம். தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்க்கு மட்டும் கிடைத்த ஞாயிறு, தூத்துக்குடியில் எச்சமயத்தார்க்கும் பொதுவாயிற்று. இதனைக் கூறுதல் நம் திருச்சபைக்கு இழிவாகாது, மறைத்தலே இழிவு.

மார்ச்சு 12ஆம் நாள் பிள்ளையவர்கள் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். இரட்டை ஆயுள் தண்டனை பெற்றுச் சிறை புகுந்த பிள்ளையவர்கள் அங்கே செக்கிழுத்தார். பிறர் கூலிக்காக வாதாடியவர் கூலியில்லா வேலைக்கு ஆளானார். 1912இல் விடுதலையான பின் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டு, திருக்குறளுக்கும் உரை கண்டார். தமிழ் மாணவர்க்கு அவர் வெறும் அரசியல் தலைவர் அல்லர்; நம் ஆசிரியருள் ஒருவர்.

சுளகின்மேல்

கூலிக் குறைவுக்கு இயந்திரமே காரணமாயின், இயந்திரம் இல்லாத தொழிலில் கூலி நிறைந்திருத்தல் வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் நிகழும் பீடித் தொழிலை நோக்குக. அங்கே இயந்திரம் யாதுமில்லை. ஒரு சுளகு, ஒரு கத்தரி, இலையை அளவிட ஒரு தகரத்துண்டு, நூற்கண்டு, இவையே கருவிகள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்கும் வேலை முழுவதும் விரல்களால் நிகழ்வது. செய்பவர் பெரும்பாலும் பெண்டிர். செய்யுமிடம் அவரவர் வீட்டுத் திண்ணை.

கூலியோ ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது. காலை எழுந்து சமைத்த நேரம் கணக்கில் இல்லை. பீடிக்கடையில் இலை வாங்கக் காத்திருந்த நேரம் கணக்கில் இல்லை. தரம் போதாதென்று கழித்துப் போட்டவற்றுக்குக் கூலி இல்லை. குனிந்தே இருந்த முதுகின் வலியும் நாள்தோறும் முகர்ந்த தூளின் காறலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்க்கென்று மத்திய அரசு தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆலையில்லா ஊரிலும் ஆலையில் எழுந்த அதே வழக்கு எழுந்ததன்றோ? ஆகவே இயந்திரத்தைப் பழிப்பதும் பயனில்லை. அதனைப் புகழ்வதும் போதாது.

இன்று நம் நகரத் தெருக்களில் உணவுப் பொட்டலங்களை ஏந்தி மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞரைக் காண்கின்றோம். அவரை ஏவுவது கைப்பேசியில் உள்ள செயலி. இது புதிதினும் புதிதாகிய நுட்பம். ஆயினும் அவர் பெறுவது ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு என்னும் கணக்கே. கடை வாயிலில் அவர் காத்திருக்கும் நேரம், பீடிக்கடையில் என் தாயார் காத்திருக்கும் நேரத்துக்கு உடன்பிறப்பு. கருவிகளுள் மிகப் பழையதும் மிகப் புதியதும் கூலிக் கணக்கில் ஒன்றாய் நிற்கின்றன.

மலைமேல் வீடு

மன்றத்தில் யான் ‘வேலையும் வீடும் தந்தவர்’ என்று பேசினேன். அவ்வீடு எத்தகையது என்பதையும் ஆராய்தல் வேண்டும். மணிமுத்தாற்றுக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய காட்டில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கரை 1929இல் பம்பாய் பர்மா வணிகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் இடங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. காடு திருத்தித் தேயிலை வளர்த்தவர் வாழ்ந்தது கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில். வேலை உள்ளவரையில் வீடு. வேலை நீங்கின் வீடும் நீங்கும்.

1999இல் கூலி உயர்வு கோரி அவர்கள் போராடினர். அதன் பொருட்டுச் சிறைப்பட்ட தொழிலாளரை விடுவிக்க வேண்டுமென்று அவ்வாண்டு ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாக வந்தனர். போலீசார் தடியடி நடத்தியபோது மக்கள் அஞ்சி ஆற்றில் இறங்கி ஓடினர். 17 பேர் மாண்டனர். அவருள் பெண்டிரும் ஒரு குழந்தையும் உண்டு. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கொக்கிரகுளத்து ஆற்றங்கரையே அவ்விடம். பாபநாசத்தில் ஆலை சுழற்றிய அதே ஆறு அது.

குத்தகை முடிவது 2028இல். ஆயின் 2024இலேயே கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்துத் தன் வேலையை முடித்துக்கொண்டது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்துமாறு வேண்டிய மனுக்களைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. காடு புலிகளின் காப்பகத்துக்குரியது. அது காடாகவே மீள்வது நாட்டுக்கு நன்மை என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மையும் உண்டு. யான் கூற விழைவது வேறு. தலைமுறை தலைமுறையாகத் தங்கிய வீடு தமதன்று என்பதை ஒரு மக்கட் கூட்டம் ஒரு நாளில் உணர்ந்தது. கருணையாகத் தரப்பட்டது திரும்ப வாங்கத்தக்கது. கடனாகச் செலுத்தப்பட்டதே பெற்றவனுக்கு உரியது. வீடு கூலியின் பங்காய் எண்ணப்பட்டிருப்பின் அவர் கை வெறுங்கையாய் இராது.

கடனும் கொடையும்

திராட்சத் தோட்டத்து வேலையாட்களைப்பற்றி ஆண்டவர் கூறிய உவமையை இங்கே சிலர் எடுத்துக்காட்டுவர். கடைசி மணிநேரம் மட்டும் உழைத்தவனுக்கும் நாள் முழுதும் உழைத்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி தந்தான். ஆதலின் தன் பொருளைத் தன் விருப்பப்படி கொடுக்க எஜமானுக்கு உரிமை உண்டு. வாங்குபவன் வாய் திறத்தல் தகாது என்பர். அவ்வுவமையை ஊன்றி நோக்கின் வேறொன்று புலப்படும். எஜமான் முதலில் வந்தவனிடம் கூலி பேசினான். பேசியதை ஒரு காசும் குறையாமல் அன்று மாலையே தந்தான். ஒருவனுடைய கூலியைக் குறைத்து மற்றொருவனுக்கு அவன் தயவு காட்டவில்லை. கடனைத் தீர்த்த பின்னரே கொடை வழங்கினான். கடன் தீராமல் வழங்கும் கொடை, பிறர் பொருளைக் கொண்டு செய்யும் தருமம் ஆகும்.

நம் நாட்டுச் சட்டங்களின் வரலாறும் இதனையே உணர்த்தும். நூற்பாலைகளில் வயதுவந்த ஆடவர் ஒரு நாளில் உழைக்கத்தக்க நேரத்தை 1911ஆம் ஆண்டுச் சட்டம் 12 மணி என்று வரையறுத்தது. தொழிற்சாலைகளில் அது 1922இல் 11 மணியாகவும், 1934இல் 10 மணியாகவும், 1948இல் 9 மணியாகவும் குறைந்தது. இயந்திரம் தானே இரங்கி நேரத்தைக் குறைக்கவில்லை. மனிதர் கேட்டதனால் குறைந்தது. கேளாதொழியின் அது திரும்பவும் கூடும். 2023 ஏப்ரலில் நம் மாநிலச் சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைக்கு இடந்தரும் மசோதா நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. நூறாண்டுக்கு முன் கண்ட எண் நம் காலத்திலும் கதவைத் தட்டிற்று என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், இயந்திரம் நண்பனும் அன்று, பகைவனும் அன்று என்பதும், கூலியை நிறுப்பது மனிதர் மனச்சான்றும் மனிதர் குரலும் என்பதும் பெறப்படும். கம்பெனியார் முதலைத் தந்தனர். தொழிலாளர் உடலைத் தந்தனர். கொடுத்தவர் இருதிறத்தாருமாயின் நன்றியும் இருதிறத்தார்க்கும் உரியது. என் தாயாரின் வினாவில் அடங்கிய உண்மை இதுவே. அவர் சுற்றிக் கொடுத்தது ஊழியம் அன்று. அவர் பெறுவது கருணையும் அன்று. முதலிட்டவன் அடையும் ஆதாயத்துக்குத் தமிழர் இட்ட பெயர் எதுவோ, அப்பெயரே அவர் பெறுவதற்கும் உரியது. ஊதியம் என்னும் சொல் அவர் பக்கம் வந்துவிட்டது. பொருள் இன்னும் வழியில் நிற்கின்றது.

நம் கல்லூரியிற் பயின்றோருள் பலர் நாளை கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் பிறர் கூலியைக் கணக்கிடும் நாற்காலிகளில் அமர்வர். பழைய மாணவர் பலர் இன்றே அமர்ந்துள்ளனர். அவர்கள் ஏட்டில் எண்களை எழுதும்போது, ‘இது கடனா, கொடையா?’ என்று ஒருமுறை தம்மைத் தாமே கேட்பாராக. மன்றத்தில் அன்று யான் கூறியது பிழை. கைதட்டியோர்முன் கூறிய பிழையை அவர்கள் படிக்கும் இவ்விதழிலேயே திரும்பப் பெறுகின்றேன்.